காய்ச்சல் மாத்திரையும் வேப்பிலையும்: குழந்தையின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்கு. சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அதே மருந்துகள்தாம் இங்கும். அவற்றில் ஒன்றான வின்கிரிஸ்டின் நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுகிறது. மருத்துவர் கையில் இருப்பது அவர் கையில். நம் கையில் இருப்பதை நாம் கோட்டைவிடுவது, பெரும்பாலும் குழந்தை தெம்பாகத் தெரிகிற நாட்களில்தான்.

முதல் கட்டச் சிகிச்சை ஏறக்குறைய ஒரு மாதம். அதன் முடிவில் எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்பார்கள். உடனே ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம், தவறில்லை. அடுத்த ஊசிக்கான தேதியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. கண்ணுக்குத் தெரியாத செல்கள் உடம்பில் மிச்சம் இருக்கும். பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்போது குணப்படுத்துவது முன்னைவிடக் கடினம். பெண் குழந்தை என்றால் இந்தத் தள்ளிப்போடல் இன்னும் சுலபமாக நடந்துவிடுகிறது. வெட்கக்கேடு.

கடைசிக் கட்டம் மாத்திரைக் காலம். மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள். நூறு வேளையில் ஐந்துக்கு மேல் மாத்திரை தவறிய குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே கிழமையை முடிவுசெய்து காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும். அம்மா கொடுத்திருப்பாள் என்று அப்பாவும், அப்பா கொடுத்திருப்பார் என்று அம்மாவும் இருந்துவிடும் வீடுகள் உண்டு. குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

காய்ச்சலில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கீமோ (புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் மருந்துகள்) எடுக்கும் குழந்தைக்கு வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது அவசர நிலை. பாரசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்தால் சூடு இறங்கும். கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். “விடியட்டும், பார்க்கலாம்” என்ற பேச்சே கூடாது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும். பெரிய மருத்துவமனை தொலைவில் என்றால், இரவில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை முதல் மாதத்திலேயே கேட்டு, அங்கே காட்டுவதற்கு ஒரு கடிதமும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வின்கிரிஸ்டின் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்காக எனிமா வேண்டாம். ஆசனவாயில் சிறு கீறல் போதும், கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

அம்மை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது சின்னம்மை கண்டால், வேப்பிலை செருகி, மருந்து தொடாமல், மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வாய் திறக்காமல் இருப்பது நம் வழக்கம். சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரல்வரை போகக்கூடியது. கொப்புளம் வரும்வரை காத்திராமல், அம்மை கண்டவர் பக்கத்தில் குழந்தை இருந்தது தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொன்னால் தடுப்பதற்கு வழி உண்டு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை மருத்துவர் தடுக்கப்போவதில்லை. அதேபோல், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன்பும் கேளுங்கள். அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது.

பப்பாளி இலைச் சாறு, முள்சீத்தா, பெயர் தெரியாத பொடி எல்லாம் உறவினர் கையோடு வந்து சேரும். மெத்தோட்ரெக்ஸேட் ஈரலைப் பதம்பார்க்கிற மருந்து. அதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று கொண்டுவந்தவருக்குத் தெரியாது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள். வீட்டில் சூடாகச் சமைத்த சோறும் முட்டையும் பருப்பும் போதும். சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரங்களில் குழந்தை நடு இரவில் தோசை கேட்டு அழும், தட்டைத் தள்ளிவிடும். மருந்து செய்கிற வேலை அது. அடிக்காதீர்கள்.

குழந்தையிடம் மறைப்பதும் பயன் தராது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தே அது பாதியைத் தெரிந்துகொள்கிறது. ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். தன் சண்டையால்தான் தம்பிக்கு நோய் வந்ததென்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணத்துக்காக நகையை அடகுவைக்க ஓடுமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு; அதற்குரிய சான்றிதழை முதல் முறை வீடு திரும்பும்போதே மருத்துவமனையில் வாங்கிவிடுங்கள்.