‘கொட்டா’வும் ‘கெட் டு’வும்: கட்டாயமா, கிடைத்ததா?

அறுகம்பையில் ஆட்டோ ஓட்டுபவருக்கோ பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்பவருக்கோ பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்தில் கட்டாயத்துக்குப் படித்த ‘மஸ்ட்’ (must) அவ்வளவாகக் காதில் விழாது. வெள்ளைக்காரர் கதைக்கும்போது அதற்குப் பதில் வருவது ‘ஹாவ் டு’வும் (have to) ‘கொட்டா’வும்தான் (gotta). ‘ஹாவ் டு’ என்று எழுதினாலும் வாயில் ‘ஹாஃப்டு’ என்றே வரும். ‘ஹாவ் கொட் டு’ தேய்ந்து ‘கொட்டா’ ஆனது. "ஐ கொட்டா கோ" என்றால் "நான் போகவேணும்".

‘கொட்டா’ இப்போதைக்கும் இனி வருவதற்கும் மட்டும். நேற்றுப் போகவேண்டி வந்ததென்றால் "ஐ ஹாட் டு கோ". வேலை விண்ணப்பத்திலும் சாதாரண தரப் பரீட்சைத் தாளிலும் ‘கொட்டா’ எழுதினால் புள்ளி போகும்.

இனி ‘கெட் டு’ (get to). இதற்கு ‘வாய்ப்புப் பெறு’ என்று பாடமாக்கத் தேவையில்லை. "பார்க்கக் கிடைச்சது", "போகக் கிடைக்கல்ல" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே கிடைத்தல்தான். குமணக் காட்டுக்குப் போய் வந்தவர் "வீ கொட் டு சீ அ லெபர்ட்" என்றால், சிறுத்தை பார்க்கக் கிடைத்திருக்கிறது. "வீ டிட்ன்ட் கெட் டு சீ வன்" என்றால் கிடைக்கவில்லை.

பலர் சறுக்குவது இங்கேதான். "வீவ் (we've) கொட் டு சீ அ லெபர்ட்" என்று நடுவில் ஒரு ‘வ்’ சேர்ந்தால் ‘பார்த்தே ஆகவேணும்’ என்று பொருள் மாறிவிடும். வேகமாகக் கதைப்பவரின் வாயில் அந்த ‘வ்’ கரைந்துவிடும். அதனால் எழுத்தைத் தேடாமல் காலத்தைத் தேடுங்கள். ‘யெஸ்டடே’ இருந்தால் கிடைத்தது. ‘டுமோரோ’ இருந்தால் பார்த்தே ஆகவேணும். நாளைக்கும் காட்டுக்கு ஜீப் தேவையா என்பது இதில்தான் தெரியும்.

"யூ ஹாவ் டு ட்ரை த க்ரப் கறி" என்பதில் கட்டாயம் ஒன்றுமில்லை. நண்டுக் கறி அவ்வளவு ருசி என்கிறார். மறுப்பில் மட்டும் கவனம் வேண்டும். "யூ டோன்ட் ஹாவ் டு பே" என்றால் காசு தரத் தேவையில்லை. "யூ மஸ்ன்ட் பே" என்றால் தரவே கூடாது. தமிழில் இந்த இரண்டையும் ஒருவரும் குழப்புவதில்லை, ஆங்கிலத்தில் குழப்புகிறோம்.

‘இப்படி நடக்கவேணும் என்று இருந்தது’ என்பதற்கு வரும் ‘சப்போஸ்ட் டு’வை (supposed to) ‘ஸ்பொஸ்டு’ என்று விழுங்கிவிடுவார்கள். அதைக் கேட்டு எழுதுபவர் நடுவில் உள்ள ‘ட்’டை விட்டுவிடுவார், அது பிழை. "த பஸ் வாஸ் சப்போஸ்ட் டு கம் அட் சிக்ஸ்" என்று ஒருவர் சொன்னால் ஆறு மணிக்கு பஸ் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பாதி முறைப்பாடு அதிலேயே இருக்கிறது.

கடைசியாக ‘ஹாட் பெட்டர்’ (had better). இதற்குப் பின்னால் ‘டு’ வராது: "யூட் பெட்டர் கோ". அகராதியில் ‘போவது நல்லது’ என்று இருக்கும். காதுக்கோ ‘போகாவிட்டால் பார்’ என்று விழும். கூட்டாளிக்குச் சொல்லலாம். விருந்தாளிக்கு, அதுவும் வயதானவருக்கு, "யூ மைட் வோன்ட் டு கோ நவ்" என்று சொல்லுங்கள்.