தூரம் தெரியாத ஒளி: இராணுவ விசாரணைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரையிலான மாதங்களில், லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில் காவலில் இருந்த இந்தியப் படையினர், இனந்தெரியாத ஒளிப்பொருள்களைக் கண்டதாக 329 முறை பதிவு செய்தனர். அவை சீன உளவு ட்ரோன்களாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்த நிலையில், பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியும்தான் என்றனர். 2013 ஜூலையில் இச்செய்தி வெளியானபோது பலர் நகைத்தார்கள். எனக்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், தூசியற்ற மெல்லிய காற்றில், மலைமுகட்டை ஒட்டி எழும் ஒரு கோள் விளக்கைப் போலச் சுடர்விடும்; பதற்றம் மிகுந்த எல்லையில் காவல் நிற்பவர் அதை ஐயப்படுவதே கடமை. தவறு, அந்த ஐயத்தைச் சோதித்த முறையில் இருந்தது. அங்கே நிறுத்தப்பட்ட ரேடாரில் அப்பொருள் அகப்படாததால் அது உலோகத்தால் ஆனதாக இருக்காது என்று கருதப்பட்டதாக 2012 நவம்பர்ச் செய்திகள் தெரிவித்தன. ரேடாருக்கு எட்டும் தொலைவில்தான் அது இருக்கிறது என்று முன்பே நம்பிவிட்டவருக்கு மட்டுமே அம்முடிவு பொருந்தும். வெள்ளியோ பூமியை மிக நெருங்கும்போதும் ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இத்தகைய விசாரணைகளில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுவே. இருட்டில் தெரியும் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்ணால் பார்த்து அதன் தூரத்தைக் கூற எவராலும் இயலாது. பயிற்சி பெற்ற விமானிக்கும் இது பொருந்தும். கண்ணுக்குக் கிடைப்பது கோணம் மட்டுமே. ஓர் ஒளி நொடிக்கு ஒரு பாகை வீதம் நகர்கிறது என்று கொள்வோம். அது ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டர், அதாவது ஒரு சிறிய ட்ரோனின் வேகம். 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் 630 கிலோமீட்டர், அது விமானம். 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு நேர் மேலே இருந்தால் மணிக்கு 25,000 கிலோமீட்டரைத் தாண்டும், அது செயற்கைக்கோள். மூன்றும் பார்ப்பவருக்கு ஒரே காட்சிதான். ஆகவே, அறிக்கையில் ‘சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில்’ என்று ஒருவர் எழுதும்போது, தாம் அறியாமலேயே அப்பொருளின் பருமனையும் வேகத்தையும் அவர் தீர்மானித்துவிடுகிறார். அதன்பின் வரும் கணக்குகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

1997 மார்ச் 13 இரவு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தார் கண்ட ஒளிவரிசை இதற்குச் சிறந்த சான்று. இரவு 10 மணியளவில் தோன்றி ஒவ்வொன்றாக அணைவது போலத் தெரிந்த விளக்குகள் நகருக்கு மேலேயே மிதந்ததாகப் பலர் எண்ணினர். உண்மையில் அவை பாரி கோல்ட்வாட்டர் பயிற்சித் தளத்தின்மேல் மேரிலாந்து விமானப்படைப் பிரிவின் ஏ-10 விமானங்கள் பாராசூட்டில் இறக்கிய ஒளிக்குண்டுகள். அவை அணையவில்லை, எஸ்ட்ரெல்லா மலைத்தொடருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மறைந்தன. அன்று மாலை 8 மணியை ஒட்டி ‘வி’ வடிவில் கடந்து சென்ற விளக்குகள் வேறொரு நிகழ்வு. இரண்டையும் ஒரே கோப்பில், ஒரே பொருளாகச் சேர்த்துப் பேசியதால்தான் எந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்தாதது போன்ற தோற்றம் ஏற்பட்டது. சிலி நாட்டில் 2014 நவம்பர் 11 அன்று கடற்படை ஹெலிகாப்டர் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்த காட்சியின் கதையும் இவ்வகையே, அது பகலில் நிகழ்ந்தது என்றாலும். ஏறத்தாழ 55 முதல் 65 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக முதலில் மதிப்பிட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டுமே விமானங்களைத் தேடியதால், இரண்டாண்டு ஆய்வுக்குப் பின்னும் விடை கிடைக்கவில்லை. 2017இல் காட்சி வெளியிடப்பட்டதும், சாண்டியாகோவிலிருந்து புறப்பட்ட ஐபீரியா விமானம் ஒன்றோடு அது பொருந்துவதை ஆர்வலர்கள் சில நாட்களிலேயே காட்டிவிட்டனர்.

அப்படியானால் காவலில் இருப்பவர் எதைத்தான் எழுத வேண்டும்? திசை, ஏற்றக்கோணம் (அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் என்பது), நேரம் ஆகிய மூன்றையும் எண்களாக எழுத வேண்டும். நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை என்ற அளவே கருவி இல்லாதவருக்குப் போதும். அசையாத ஒரு கம்பத்தையோ கூரை விளிம்பையோ ஒட்டி ஒளியின் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் ‘அது ஊசலாடியது’ என்று எழுதக் கூடாது. கும்மிருட்டில் தனித்த ஒரு புள்ளியை உற்று நோக்கினால், அது அசையாதிருந்தாலும் அசைவதாகவே தோன்றும். நேரத்தைக் குறிக்கும்போது அது உள்ளூர் நேரமா, கிரீன்விச் நேரமா என்பதைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும் ஒளி, விண்மீனாகவோ அதையொட்டிய கணக்கில் நகரும் கோளாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. இதைக் காண ரேடார் வேண்டியதில்லை. ஒரு வாரக் குறிப்பு போதும்.

தேதி ஒன்று பிழைத்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் காடு காட்டியது. 1980 டிசம்பர் இறுதியில் அங்கிருந்த அமெரிக்க விமானப்படையினர் கண்ட ஒளிகளைப் பற்றிய குறிப்பைத் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் 1981 ஜனவரி 13 அன்றுதான் எழுதினார். இரண்டு வாரத்துக்கும் மேலான இந்த இடைவெளியில், முதல் நிகழ்வு 26ஆம் தேதி அதிகாலைக்குப் பதிலாக 27 என்று பதிவாயிற்று. 26 அதிகாலை 3 மணியளவில் தென் இங்கிலாந்து முழுவதும் ஒரு பெரும் எரிமீன் காணப்பட்டது. தவறான நாளைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. பின்னொரு நாள் இரவில் ஹால்ட் எடுத்த ஒலிப்பதிவில் ‘இதோ மீண்டும்’ என்ற பொருளில் குரல் கேட்கும் இடைவெளி, ஆர்ஃபர்ட்னெஸ் கலங்கரை விளக்கம் ஐந்து நொடிக்கு ஒருமுறை மின்னுவதோடு ஒத்துப்போகிறது. நினைவிலிருந்து பின்னர் எழுதப்பட்டதைவிட, அவ்வப்போது பதிவான அந்த ஒலிநாடாவே இங்கு உதவியது.

சாட்சிகளை ஒன்றாக அமர்த்தி விசாரிப்பதும், ‘அந்த வாகனம்’ என்று தாமே பெயர் சூட்டிக் கேள்வி கேட்பதும் அடுத்த தவறு. 1968 மார்ச் 3 இரவு, சோவியத் விண்கலமான சோண்ட்-4ஐ ஏவியதில் மிஞ்சிய பாகங்கள் அமெரிக்காவின் மேல் எரிந்து விழுந்தன. எரியும் துண்டுகள் வரிசையாகச் சென்றதைக் கண்ட சிலர், சுருட்டு வடிவக் கலத்தையும் அதன் ஒளிரும் சன்னல்களையும் விவரித்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. தனித்தனி ஒளிகளுக்கு இடையே உள்ள இருட்டை மனம் ஓர் உடலாக நிரப்பிக்கொள்கிறது.

கருவி பார்த்ததால் உறுதி என்பதும் ஏமாற்றும். 2019இல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த காட்சிகளில் முக்கோணங்கள் பறந்தன. இரவுப்பார்வைக் கருவியின் வழியே கேமராவில் எடுத்ததால் ஒளிப்புள்ளிகள் அவ்வடிவம் பெற்றன என்று 2022 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் அதிகாரிகள் விளக்கினர்.

இதற்கு மறுபக்கத் தவறும் உண்டு: அவசரப்பட்டு ஏதோ ஒரு விளக்கத்தைச் சொல்லிவிடுவது. படைத்துறை அதைச் செய்தபோதெல்லாம் நம்பிக்கை இழந்தது. 1966 மார்ச் மாதம் மிச்சிகனில் தோன்றிய ஒளிகளுக்கு, விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக், சில நாட்களிலேயே செய்தியாளர்களிடம் சதுப்பு நில வாயுவைக் காரணமாகச் சுட்டினார். இரண்டு இடங்களில் கண்டவற்றுக்கு மட்டும் சொன்னது, எல்லாவற்றுக்குமான தீர்ப்பாகப் பரவிக் கேலிக்கு உள்ளாயிற்று. அடுத்த மாதமே நாடாளுமன்றக் குழு விசாரித்தது. இரகசியமும் இப்படியே கெடுக்கும். 1948 ஜனவரி 7 அன்று ஒரு பொருளைத் துரத்திச் சென்று உயிரிழந்த அமெரிக்க விமானி கேப்டன் தாமஸ் மான்டெல் பார்த்தது, பெரும்பாலும் கடற்படையின் இரகசிய ஸ்கைஹுக் பலூன். அதை அறியாத விசாரணையாளர்கள் வெள்ளிக் கோள் என்று முதலில் சொன்னார்கள். எனவே, தன் படையின் பிற பிரிவுகளிடம் கேட்காமல் கோப்பை மூடுவது, வானத்தைப் பார்க்காமல் மூடுவதற்கு ஒப்பானது. 2009 டிசம்பர் 9 அன்று வட நார்வேயில் தெரிந்த பிரம்மாண்டமான ஒளிச்சுருள், வெண்கடலிலிருந்து ஏவிய புலாவா ஏவுகணையின் தோல்வி என்பதை ரஷ்யா ஒப்புக்கொண்ட பிறகே ஊகங்கள் அடங்கின.

இறுதி அறிக்கையைப் படிப்பவர் செய்யும் தவறு, ‘விளக்கப்படாதது’ என்ற சொல்லை ஒளியின் பண்பாக எடுத்துக்கொள்வது. அச்சொல் பெரும்பாலும் பதிவேட்டின் நிலையைக் குறிக்கிறது. பிரான்சின் விண்வெளி நிறுவனத்துக்குள் இயங்கும் ஜெய்பான் அமைப்பு இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது: ஏ என்றால் உறுதியாக இனங்கண்டது, பி என்றால் அநேகமாக இனங்கண்டது, சி என்றால் தகவல் போதாதது, டி என்றால் போதிய தகவல் இருந்தும் விடை கிடைக்காதது. இப்படிப் பிரிக்காமல் எண்ணினால் சியும் டியும் ஒன்றாகிவிடும். அமெரிக்க விமானப்படை இனந்தெரியாத பறக்கும் பொருள்களை ஆராய்ந்த தன் புளூ புக் திட்டத்தை 1969 டிசம்பரில் மூடியபோது, திரண்டிருந்த 12,618 அறிக்கைகளுள் 701 இனங்காணப்படாதவை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தன. அந்த 701ஐ மர்மங்களின் எண்ணிக்கையாகச் சொல்பவர்கள், அவற்றுள் எத்தனை அறிக்கைகளில் திசையும் நேரமும் எண்களாக எழுதப்பட்டிருந்தன என்று முதலில் கேட்க வேண்டும். ஜெய்பான் தன் பழைய டி வகைக் கோப்புகளைப் புதிய கருவிகளின் துணையோடு அவ்வப்போது மீண்டும் திறக்கிறது. சில கோப்புகள் பிறகு வேறு எழுத்துக்கு மாறியிருக்கின்றன.