புடவை நிறைய இருக்கிறது, சேர்த்துப் போட ப்ளவுஸ்தான் இல்லை: துணி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீரோவைத் திறந்தால் மேலே சரிந்து விழும் அளவுக்குத் துணி இருக்கும், ஆனால் திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது உடுத்த ஒன்றும் அகப்படாது. துணி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆடித் தள்ளுபடியில் இன்னும் நான்கு எடுத்து வருகிறோம், மறுபடியும் அதே நிலைமை. புடவையும் டாப்பும் கண்ணைப் பறிக்கிற மாதிரி எடுக்கிறோம், அவற்றோடு சேர வேண்டிய ப்ளவுஸ், பேன்ட், உள்பாவாடை பற்றி யோசிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் கோளாறு முழுக்க இங்கேதான்.

ப்ளவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சரை மீட்டர் புடவை, அதோடு எண்பது சென்டிமீட்டர் அளவில் ப்ளவுஸ் பிட். வாங்கின கையோடு அதை வெட்டித் தைத்துவிடுகிறோம். அந்த ப்ளவுஸ் பெரும்பாலும் அந்தப் புடவைக்கு மட்டும்தான் ஆகும், அது இறுகிப்போனால் புடவையும் சேர்ந்து மூலைக்குப் போய்விடும். இதற்குப் பதிலாக கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, சந்தன நிறம் என்று தனியாகத் துணி எடுத்து, உடம்புக்குக் கச்சிதமாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக் கண்டாங்கியில் கட்டமும் கோடுமாக வருகிற நிறங்கள் பெரும்பாலும் இவைதான், அதனால் கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று இருந்தாலே பல புடவைக்கு ஓடும். பார்டர் நிறத்துக்குப் பொருந்தினால் போதும், புடவையின் உடல் நிறத்துக்கு அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

தையல்காரரிடம் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒன்று, காட்டன் லைனிங்கை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அப்புறம் கொடுங்கள். ஊறவைக்காத லைனிங் முதல் அலசலிலேயே சுருங்கும், மேல்துணி அந்த அளவு சுருங்காது, முதுகுப் பக்கம் கொசகொசவென்று இழுத்துக்கொண்டு நிற்கும், எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் சரியாகாது. புடவைக்கு அடிக்கிற ஃபால்ஸுக்கும் இதேதான். இன்னொன்று, இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இன்ச்சாவது துணி விட்டு, பக்கவாட்டில் இரண்டு மூன்று வரிசை தையல் போடச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் கூடினால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். அளவுக்கு என்று மூன்று வருடத்துக்கு முந்தைய ப்ளவுஸைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், இன்றைய உடம்பை அளந்து தைக்கட்டும்.

அடுத்தது, வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே பின்பற்றுவது. வெள்ளைச் சட்டை, பிளேசர், டிரெஞ்ச் கோட், கறுப்பு டிரெஸ் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப வரும். 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழே உருப்படிகளை மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்தலாம் என்று காட்டினார், அந்த யோசனை நல்ல யோசனை, சந்தேகமே இல்லை. ஆனால் அது அந்த ஊர்க் குளிருக்கும் அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஏற்ற பட்டியல். சென்னையில் மே மாதம் பிளேசர் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் ஏற முடியுமா? நமக்கு அந்த இடத்தில் கறுப்பிலும் அரைவெள்ளையிலும் நல்ல காட்டன் பேன்ட், கலம்காரியோ இக்கத்தோ போட்ட இரண்டு குர்தி, எதோடும் போகிற ஒரு துப்பட்டா, கஞ்சி தேவைப்படாத இரண்டு மூன்று மல் காட்டன் புடவை. மதுரைச் சுங்குடியும் தினசரிக்கு அருமையானது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த புடவை அது, ஆனால் சுங்குடி என்று விற்பதெல்லாம் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது இல்லை. புள்ளிகள் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் அது பிரின்ட். பிரின்ட்டும் கட்டலாம், தப்பில்லை, ஆனால் கைவேலைக்கு உண்டான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

லெக்கிங்ஸை மட்டுமே நம்பி இருப்பதும் ஒரு தவறுதான். குட்டைக் குர்தி எல்லாமே வீணாகப் போவது அதனால்தான், நேராக இறங்குகிற ஒரு பேன்ட் இருந்தால் அத்தனையும் திரும்ப உயிர்பெறும்.

துணி ரகத்தைக் கேட்காமல் எடுப்பது பெரிய நஷ்டம். தொட்டால் வழவழவென்று, அழகாக விழுகிற குர்தி பலதும் ரேயான். அதைக் காட்டன் என்று சொல்லி விற்பதும் உண்டு. ரேயான் மோசமான துணி இல்லை, ஆனால் துவைக்கத் துவைக்கச் சுருங்கி வடிவம் போய்விடும், தினமும் உடுத்த எடுத்தால் சீக்கிரம் வெளுத்த கோலத்தில் நிற்கும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கிண்ணத்தின் மேல் பிடித்து, தீக்குச்சி வைத்துப் பாருங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, முனையில் கெட்டியான மணியாக நிற்கும். ரேயானும் காட்டன் போலவே எரியும் என்பதால் அதை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது, லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

நிறம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கறுப்பாக இருக்கிறவர்களுக்கு அடர்ந்த நிறம் ஆகாது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களை வாழ்நாள் முழுக்க வெளிறிய ரோஸிலும் சாம்பல் நிறத்திலும் தள்ளியிருக்கிறோம். இது வெறும் பொய். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம், ரத்தச் சிவப்பு எல்லாம் கறுத்த தோலின் மேல்தான் எடுப்பாக நிற்கும். அத்தையோ கடைப்பெண்ணோ சொல்வதைக் கேட்காமல், முகத்துக்குப் பக்கத்தில் துணியை வைத்து, கடை வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் இருக்கிற விளக்கில் அரக்கும் காப்பி நிறமும்கூட ஒரே மாதிரி தெரியும்.

அளவு விஷயத்தில், லேபிளில் எம் என்று இருந்தால் நம் அளவு என்று நம்பிவிடுகிறோம். ஒரு கம்பெனியின் எம், இன்னொரு கம்பெனியின் எல். போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தால் போதாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். தோள் தையல் தோள் எலும்பிலேயே உட்கார வேண்டும், மற்ற இடத்தைத் தையல்காரர் பிடித்துக் கொடுப்பார், தோளைச் சரிசெய்வது கஷ்டம். உடம்பை மறைக்க என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் இன்னும் பருமனாகத்தான் தெரியும்.

கடைசியாக, பட்டு. கல்யாணத்துக்குக் கல்யாணம் அகலப் பார்டரில் கனமான பட்டாக எடுத்தால் அதை ஒரு சாதாரண நாளில் கட்டவே முடியாது. கனமானது ஒன்று இருக்கட்டும், அடுத்ததைச் சின்னப் பார்டரில், உடலில் ஜரிகை குறைவாக எடுங்கள். கோயிலுக்கும் கட்டலாம், நிச்சயதார்த்தத்துக்கும் கட்டலாம், அலுவலக விழாவுக்கும் கட்டலாம். 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது பட்டு சுத்தம் என்பதற்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. ஜரிகை என்ன ரகம் என்று தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் வெள்ளைக் காட்டன் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே இற்றுப்போகும்.