பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லையா? ரத்த ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள்

ஆஸ்துமாவோ கரப்பானோ உணவு அலர்ஜியோ உள்ள பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அதை அடம் என்று முடிவுகட்டாதீர்கள். உணவுக்குழாயில் ஈசினோபில் (அலர்ஜியில் கூடும் ஒருவகை வெள்ளை ரத்த அணு) செல்கள் குவிந்து புண்ணாக்கும் ஈசினோபிலிக் ஈசோபஜைட்டிஸ் இப்படியும் வெளிப்படும்.

முதலில் கவனித்து எழுதி வையுங்கள். கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், எடை ஏறாது. பள்ளி வயதில் வாந்தி, வயிற்று வலி. "தொண்டையில நிக்குது" என்று வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான். அதுவரை ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, சப்பாத்தியை ஒதுக்கி, ரசம் சாதமாகக் கரைத்து, கறித்துண்டை மென்றுகொண்டே இருந்து எப்படியோ சமாளிப்பார்கள். இந்த விவரம்தான் டாக்டருக்கு வேண்டும்.

ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருந்தால் இந்த நோய்தான் என்று அர்த்தமில்லை, ஆஸ்துமாவாலும் கூடும், குடல்புழுவாலும் கூடும் (மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்). குறைவாக இருந்தால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டும் எந்த உணவு இதைக் கிளப்புகிறது என்று நம்பகமாகக் காட்டாது. அதைப் பார்த்து பால், முட்டை, கோதுமை என்று எல்லாவற்றையும் நீங்களாக நிறுத்தினால் பிள்ளை இளைப்பதுதான் மிச்சம், போதாக்குறைக்கு அடுத்த பரிசோதனையின் முடிவும் குழம்பும்.

உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பிதான் (கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டுப் பார்ப்பது) வழி. குழந்தைகளுக்கான குடல்நோய் நிபுணரிடம் போங்கள். உள்ளே எல்லாம் இயல்பாகத் தெரிந்தாலும் பயாப்ஸி (சோதிக்கச் சிறு சதைத் துணுக்கு) எடுப்பீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் நோய் திட்டுத்திட்டாக இருக்கும். உணவுக்குழாயின் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குகள் வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்தில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோபில் இருந்து, அறிகுறிகளும் பொருந்தி, வேறு காரணம் இல்லையென்றால் இந்த நோய்தான். இரைப்பையிலும் சிறுகுடலிலும் இயல்பாகவே கொஞ்சம் ஈசினோபில் இருக்கும் என்பதால் அங்கே இந்த 15 கணக்கு செல்லாது.

ஒமிப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ ஸ்டீராய்டோ எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், எண்ணிக்கையை அவை குறைத்துக் காட்டலாம். அதற்காக ஆஸ்துமா இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முன்பு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்த பிறகே நோயை உறுதிசெய்வார்கள், 2018 சர்வதேச வழிகாட்டுதலுக்குப் பின் அந்தக் கட்டாயம் இல்லை.

ஒன்று மட்டும் அவசரம்: சாப்பாடு அடைத்து எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றால் சோற்று உருண்டை, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடைத்ததை எடுக்கும்போதே பயாப்ஸியும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.