'நான்' என்று பாடுவது யார்? பழைய ஆங்கிலக் கொலைப் பாட்டுத் தாள்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் தெருக்களிலும் ஊர்ச் சந்தைகளிலும் ஒரு பென்னிக்கோ அதற்கும் குறைவாகவோ விற்கப்பட்ட ஒற்றைத்தாள் பாட்டுகளில், கொலையையும் தூக்குமேடையையும் பாடியவை மனத்தைக் கலங்கடிப்பவை. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாள், மரக்கட்டையில் செதுக்கி எடுத்த படம், தலைப்பின் கீழே 'இன்ன மெட்டில் பாடுக' என்ற குறிப்பு: அவ்வளவுதான் அவற்றின் உருவம். 17ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் சேர்த்து, இன்று கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில் இருக்கும் தொகுப்பில் மட்டும் 1,800க்கும் மேற்பட்ட பாட்டுத் தாள்கள் உள்ளன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையக் காப்பகத்தில் இன்று எவரும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். அப்படித் திறப்பவர்களில் பலர் முதல் தாளிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பாட்டில் பேசும் 'நான்' என்பதைக் கொலை செய்தவரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது. ஆன் வாலன் என்ற பெண்ணின் புலம்பலாக 1616இல் வெளிவந்த பாட்டைப் பாருங்கள். லண்டன் ஸ்மித்ஃபீல்டு அருகே கௌ லேனில் கடைசல் வேலை செய்துவந்த கணவர் ஜான் வாலனை அவர் ஜூன் 22 அன்று கொன்றதாகவும், ஜூலை 1 அன்று ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டதாகவும் தலைப்பே சொல்லிவிடுகிறது. வெளியே போய்விட்டு வந்து படுத்திருந்த கணவரைத் தான் கண்டபடி ஏசியதாகவும், உளியால் வயிற்றில் தாக்கியதாகவும், தன்னால் பெண் குலத்துக்கே இழுக்கு நேர்ந்ததாகவும் அந்த 'நான்' பாடுகிறது. எரிந்து இறந்தவர் தாமே எழுதித் தந்ததுபோல இதை மேற்கோள் காட்டுவோர் இன்றும் உண்டு.

ஆனால் அதே வாரத்தில் ஜான் சேம்பர்லின் என்ற லண்டன்வாசி, வெளிநாட்டில் தூதராக இருந்த தம் நண்பர் டட்லி கார்ல்டனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தண்டனையைப் பற்றிக் குறிப்பிடுகிறார். கணவர் சண்டையிட்டு அடித்ததாகவும், அவள் கைக்குக் கிடைத்த உளியையோ அதுபோன்ற கருவியையோ வீசி எறிந்ததாகவும், அது வயிற்றைக் கிழித்ததில் அவர் இறந்ததாகவும் தாம் கேள்விப்பட்டதை எழுதி, உண்மை அதுவேயானால் சட்டம் தன் முழுக் கடுமையையும் அவள்மீது காட்டிவிட்டது என்கிறார். கடிதமும் செவிவழிச் செய்திதான். அதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயினும் அடிபட்ட ஒருத்தி கணநேரத்தில் எறிந்த கருவி கடிதத்தில் முன்னே நிற்க, வாயாடி மனைவியின் பாவம் பாட்டில் முன்னே நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் விடக்கூடாது. பாட்டின் 'நான்', வாங்கிப் பாடுவோருக்கு அச்சமும் அறிவுரையும் ஊட்டுவதற்காகத் தொழில்முறைப் பாட்டெழுதி ஒருவர் அணிந்துகொண்ட முகமூடி. அந்தப் பெண்ணின் சொந்தக் குரல் நமக்குக் கிடைக்கவே இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

இந்தப் புலம்பல்களை ஒப்பாரி என்று மொழிபெயர்ப்பதும் பிழைதான். ஒப்பாரி இருப்பவர் இறந்தவருக்காக அழுவது. இங்கே அழுவது சாகப்போகும் குற்றவாளி, அதுவும் தன் குற்றத்துக்காக. 'கழிவிரக்கப் புலம்பல்' என்பது நீளமாக இருந்தாலும் பொருளுக்கு நெருக்கமானது.

எரித்துக் கொன்றதைப் படித்ததும் சூனியக்காரி என்று முடிவுகட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குரிய தண்டனை தூக்கு. ஆனால் 1351ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணவனைக் கொல்வது ஒருவகை ராஜதுரோகம், அதற்குப் பெண்ணுக்கு நெருப்பு. மனைவியைக் கொன்ற கணவனுக்கோ சாதாரணக் கொலைக் குற்றம், அதற்குத் தூக்கு. பெண்களை எரிக்கும் தண்டனை 1790 வரை சட்டத்தில் இருந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் படித்தால், கணவனைக் கொன்றவளின் பாட்டில் அரசனையும் ஆண்டவனையும் எதிர்த்ததுபோன்ற பதற்றம் ஏன் ஏறி நிற்கிறது என்பது விளங்காது.

பாட்டுத் தாளைச் சுடச்சுட வந்த செய்தியாக எண்ணுவது இன்னொரு தவறு. கென்ட் மாவட்டத்தின் ஃபாவர்ஷாமில் தாமஸ் ஆர்டன் மனைவி ஆலிஸின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டது 1551 பிப்ரவரியில். ஆலிஸின் புலம்பலாக நமக்குக் கிடைக்கும் பாட்டு 1633 வாக்கில் அச்சானது. இடையே ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் அதை விரிவாக எழுதிவிட்டது; 1592இல் நாடகமாகவும் வந்துவிட்டது; அந்த நாடகத்தின் மறுபதிப்பு ஒன்று வந்ததும் 1633இல்தான். ஆகவே அந்தத் தாள் காட்டுவது கொலை நடந்த காலத்தைவிட, எண்பது ஆண்டுகளாக நாடகத்திலும் நூலிலும் வளர்ந்துவந்த கதையையே. பழைய ஆவணங்கள் சில ஆண்டை 1550 என்று குறிப்பதைக் கண்டு குழம்பவும் வேண்டாம். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று; அதனால் அந்தப் பிப்ரவரி அவர்களுக்கு இன்னும் 1550தான்.

படத்தையும் எழுத்தையும் வைத்து எதையும் நிறுவ முயலாதீர்கள். ஒரே மரக்கட்டை பல தாள்களில் பல பேருக்கு முகமாகியிருக்கிறது. தடித்த கோதிக் எழுத்தும் காலத்துக்குச் சான்றாகாது. சாதாரண மக்கள் எழுத்துக் கற்றதே அதில் என்பதால், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பாட்டுத் தாள்கள் அதையே பயன்படுத்தின.

வரிகளை வாசித்துவிட்டு 'மட்டமான செய்யுள்' என்று ஒதுக்குகிறவர்கள் மெட்டை மறந்துவிடுகிறார்கள். ஆன் வாலனின் பாட்டுக்கும் ஆலிஸ் ஆர்டனின் பாட்டுக்கும் மெட்டு ஒன்றே: 'ஃபார்ச்சூன் மை ஃபோ'. விதியைப் பகையென்று நொந்துகொள்ளும் காதலனின் முறையீடாக இருந்த அந்த மெதுவான மெட்டை வில்லியம் பேர்ட் போன்ற பெரிய இசையமைப்பாளர்களே விசைப்பலகைக்கு அமைத்திருக்கிறார்கள். நாளடைவில் அது தூக்குமேடை மெட்டு என்றே பெயர் பெற்றது. சந்தையில் விற்பவர் முதல் அடியை இழுக்கும்போதே, சொற்கள் காதில் விழுமுன், யாரோ சாகப்போகிறார்கள் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். காப்பகத்தில் பல பாட்டுகளுக்குப் பாடிய ஒலிப்பதிவும் இருக்கிறது; தாளைப் படிக்கும் முன் அதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.