நினைவேந்தலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கான ஆண்டு நினைவேந்தலுக்கு முதல்முறையாகப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அரை மணி நேரம் அந்த வரலாற்றைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் ஒரு காரணம் உண்டு. ஏப்ரல் 24, 1915-இல் துருக்கியின் ஒட்டோமான் அரசு ஆர்மேனிய அறிஞர்களைக் கைது செய்யத் தொடங்கிய நாள். ஏப்ரல் 7, 1994-இல் ருவாண்டாவில் டுட்சி மக்களைக் கொல்லத் தொடங்கிய நாள். ஜூலை 11, 1995-இல் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் செர்பியப் படைகளிடம் வீழ்ந்த நாள். அங்கே 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

பூவோ விளக்கோ கொண்டுபோகலாமா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். செல்பேசியை அணைத்துவிடுங்கள். அழுகிறவர்களைப் படம் எடுக்கவே வேண்டாம்.

பெயர்களை வாசிக்கும் நேரம் நீளும். பலர் அப்போதுதான் எழுந்து போகிறார்கள். தயவுசெய்து இருங்கள். கல்லறைகூட இல்லாத பலருக்கு, பெயர் ஒலிக்கும் இடம் அது ஒன்றுதான்.

அப்புறம், உயிர் தப்பியவர்களிடம் "என்ன நடந்தது?" என்று துருவிக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். வேறொரு துயரத்தோடு ஒப்பிட்டு ஆறுதல் சொல்வதும் வேண்டாம், அது புண்படுத்தும். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஒரு கை கொடுங்கள்.