பக்கம் திறக்கவில்லையா? அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்

மும்பை தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரின்ட், ஆன்லைன் படிவம் நிரப்புவது. பான் கார்டு, பிஎஃப், ஸ்காலர்ஷிப், ரயில் டிக்கெட் என்று நாள் முழுக்க பிரவுசரோடுதான் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களில் பலர் வீட்டில் முயன்று பார்த்து, முடியாமல்தான் வருகிறார்கள். "தம்பி, நெட்டு ஓடல" என்பார்கள். "திரையில என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டால், "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, மூடிட்டேன்" என்று பதில் வரும்.

அந்த இங்கிலீஷில்தான் விஷயமே இருக்கிறது. பக்கம் திறக்காதபோது பிரவுசர் வெறுமனே கையை விரிப்பதில்லை. எந்த இடத்தில் தடைபட்டது என்று சொல்லிவிடுகிறது. குரோமில் பெரிய எழுத்தில் 'திஸ் சைட் கேன்ட் பி ரீச்ட்' என்று வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், அடிக்கோடு போட்டுச் சேர்த்த சில வார்த்தைகள் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். ரிஃப்ரெஷ் அமுக்கும் முன் போனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழுது யார் பக்கம்?

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் மூன்று சோதனை.

வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். முன்பே திறந்து வைத்திருக்கும் பக்கம் வேண்டாம், அது பழைய நகலாக இருக்கலாம். புதிதாக ஒன்றைத் தேடுங்கள். அப்புறம், திறக்காத தளத்தை அதே வைஃபையில் போனில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் பழுது கம்ப்யூட்டரில். கடைசியாக, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். டேட்டாவில் மட்டும் திறந்தால் பழுது ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது. மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன, இது ஒன்று மட்டும் எதிலுமே திறக்கவில்லை என்றால் அந்தத் தளமே படுத்துக் கிடக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரைக் குடைந்து பயனில்லை.

வைஃபையில் எந்தத் தளமுமே வரவில்லையா? ஃபைபர் டப்பாவில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் கேபிளில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இது அடிக்கடி நடக்கும். கூரைக்குக் கூரை தாவிப் போகும் கேபிள் எங்காவது இழுபட்டிருக்கும். டப்பாவை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சரியாகாது. கேபிள்காரருக்கு போன் போட்டு, "எல்ஓஎஸ் சிவப்பா எரியுது" என்று சொல்லுங்கள். "நெட் வரல" என்று சொல்வதைவிட இது ஆளை வேகமாக வரவழைக்கும். சிவப்பு விளக்கு இல்லையென்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள்.

படி 2: அந்த வார்த்தைகள் என்ன சொல்கின்றன

தாராவிக்குள் முதல் தடவை ஒருவர் வீட்டைத் தேடி வருகிறவர், முனைக் கடையில் பெயரைச் சொல்லி விசாரிக்காமல் வந்து சேர முடியாது. இணையமும் அப்படித்தான். நாம் அடிப்பது பெயர். கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண்ணால் ஆன முகவரி. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்கிற அந்த முனைக் கடைதான் டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. இன்றைக்கும் உலகம் முழுக்க இதை நம்பித்தான் ஓடுகிறது.

பொடி எழுத்தில் 'டிஎன்எஸ்' என்றோ 'என்எக்ஸ்டொமைன்' என்றோ இருந்தால், முனைக் கடையில் பதிலே கிடைக்கவில்லை, இல்லாவிட்டால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். முதலில் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். அரசுத் தளம் என்றால் கடைசியில் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' வரும். பழக்கத்தில் 'டாட் காம்' அடித்துவிடுகிறோம். அப்படி அடித்து வேறு ஏதாவது பக்கம் திறந்துகொண்டால் அது இன்னும் ஆபத்து, அங்கே ஆதார் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

எழுத்து சரியாகவே இருக்கிறது, டேட்டாவிலும் திறக்கிறது, வைஃபையில் மட்டும் இப்படி வருகிறது என்றால் விசாரிக்கும் கடையை மாற்றுங்கள். குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'செக்யூரிட்டி', அதற்குள் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்'. அதை ஆன் செய்து, பட்டியலில் கூகுளையோ கிளவுட்ஃப்ளேரையோ தேர்ந்தெடுங்கள். முன்னவரின் எண் 8.8.8.8, பின்னவரின் எண் 1.1.1.1. இரண்டும் இலவசம்.

ஆண்ட்ராய்டு 9உம் அதற்குப் பிந்தியதும் உள்ள போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று உண்டு. விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்ன பெயரை அதில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தச் சேவை நின்றதும் போனில் ஒன்றும் திறக்காது. அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் போதும்.

'டைம்ட் அவுட்' என்பது வேறு. வீட்டைக் கண்டுபிடித்தாயிற்று, கதவையும் தட்டியாயிற்று, உள்ளிருந்து சத்தமே இல்லை. லைன் மந்தமாக இருக்கலாம், அங்கே கூட்டம் நெரியலாம். விபிஎன் (இணையத்தை வேறொரு இடம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் ஆப்) போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். 'ரெஃப்யூஸ்ட்' என்றால் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் பக்கப் பழுதுதான், காத்திருக்க வேண்டும். 'பிராக்ஸி' என்ற வார்த்தை கண்ணில் பட்டால் விண்டோஸ் செட்டிங்ஸில் பிராக்ஸியை ஆஃப் செய்யுங்கள். நமக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர் அது, வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொதுவாகத் தேவையில்லை.

படி 3: 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்'

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆட்களை அதிகமாக மிரள வைப்பது இந்த வார்த்தைகளோடு வரும் சிவப்பு முக்கோணம்தான்.

போன வருஷம் பக்கத்துச் சந்தில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் கூப்பிட்டார். மகன் படிப்புக்காக செகண்ட்ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர். "எதைத் தொட்டாலும் முக்கோணமா வருது தம்பி. வைரஸ்ங்கறாங்க, விண்டோஸ் மாத்தணுமாம், எண்ணூறு ரூவா கேக்குறாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'செர்ட் டேட் இன்வேலிட்' என்று இருந்தது. திரையின் வலது மூலையில் பார்த்தால், தேதி 1-1-2009.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். பிரவுசர் அதைக் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் தன்னை 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்லாத் தளத்துக்கும் முக்கோணம். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை.

சரி செய்யும் விதம் இது. கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தேதி மாற்றும் பக்கத்துக்குப் போங்கள். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' ஆன் ஆக வேண்டும். டைம் சோன் பட்டியலில் 5:30 என்ற இடத்தில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்று ஒரே வரியில் நான்கு ஊரும் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'சிங்க் நவ்'. பிரவுசரை மூடித் திறந்தால் பக்கங்கள் வரும்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் தேதி மறுபடி பழைய வருஷத்துக்குப் போனால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள். மூன்று வோல்ட், ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் லேமிங்டன் ரோடு வரை போக வேண்டாம், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பேட்டரியை ஒரு சின்னக் கொக்கி பிடித்திருக்கும். அதை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாகத் துள்ளி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது திரையில் தேதி கேட்டால் சரியானதைக் கொடுங்கள். அந்த அக்காவுக்கு மொத்தச் செலவு அந்த பேட்டரி மட்டும்தான்.

தேதி சரியாக இருந்தும் பல தளங்களில் முக்கோணம் வந்தால், கருவிக்கு வயதாகியிருக்கலாம். எண்ணற்ற தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதியதை அறியாத பழைய கருவிகள் அன்றிலிருந்து தடுமாறின. பழைய ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டுப் பாருங்கள். அது தன் சான்றிதழ் பட்டியலைத் தானே வைத்திருப்பதால் பல நேரம் திறந்துவிடும். விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி, 2023 பிப்ரவரியிலிருந்து வந்த பதிப்புகள் அதில் ஏறாது.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் முக்கோணம் வந்தால் பிழை அந்தத் தளத்தில். அங்கே 'அட்வான்ஸ்ட்' அமுக்கி உள்ளே போகும் வழி தெரியும். வங்கி, பணம், ஆதார் சம்பந்தப்பட்ட எதிலும் அந்த வழியாகப் போகாதீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

படி 4: இன்காக்னிட்டோவில் திறந்து பார்ப்பது

குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். கறுப்பு விண்டோ ஒன்று வரும், அதுதான் இன்காக்னிட்டோ. இதில் பழைய குக்கீ (தளங்கள் நம்மை நினைவில் வைக்க பிரவுசரில் விட்டுப்போகும் குறிப்பு) எதுவும் இருக்காது, எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் நாம் சேர்த்த துணை ஆப்கள்) பொதுவாக ஓடாது. இங்கே தளம் திறந்தால் பழுது அந்த இரண்டில் ஒன்றில்தான்.

'டூ மெனி ரீடைரக்ட்ஸ்' என்று வந்தால் குக்கீதான் காரணமாக இருக்கும். ஆனால் எல்லாக் குக்கீயையும் அழிக்காதீர்கள், எல்லாத் தளத்திலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். பாஸ்வேர்டு நினைவில்லாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானை அமுக்கி, அதிலுள்ள சைட் செட்டிங்ஸில் அந்த ஒரு தளத்தின் டேட்டாவை மட்டும் அழியுங்கள்.

படி 5: ஸ்டேஷன் வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால்

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில்தான் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து ரயில் நிலைய இலவச வைஃபையை முதலில் தொடங்கின. இதுபோன்ற பொது வைஃபையில் சேர்ந்தவுடன் போன் நம்பரும் ஓடிபியும் கேட்கும் பக்கம் ஒன்று வர வேண்டும். அதைக் கடக்காமல் எந்தத் தளமும் திறக்காது. சில சமயம் அந்தப் பக்கமே எழும்பாது. அப்போது 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். இதற்கென்றே பூட்டில்லாமல் வைத்திருக்கும் தளம் அது. அதைத் திறக்கப் போனால் ஓடிபி பக்கம் முன்னே வந்து நிற்கும்.

படி 6: மூன்று இலக்க எண் வந்தால்

404 என்றால் தளம் இருக்கிறது, நீங்கள் கேட்ட பக்கம் மட்டும் அங்கே இல்லை. முகப்புப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து தேடுங்கள். 403 என்றால் அனுமதி இல்லை. விபிஎன் போட்டிருந்தாலும் இது வரலாம்.

500, 502, 503, 504 என ஐந்தில் தொடங்கினால் பழுது முழுக்க அவர்கள் சர்வரில். படிவத்துக்குக் கடைசி நாள் மாலையில் 503ஐ நிறையப் பார்ப்பீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டுகிறார்கள். விடாமல் ரிஃப்ரெஷ் அமுக்கினால் அந்த நெரிசலில் நாமும் ஒரு ஆள். இரவு பதினொன்றுக்கு மேலோ விடிகாலையிலோ முயலுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் இப்படி நின்றால் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். 'கன்ஃபர்ம் ஃபார்ம் ரீசப்மிஷன்' என்று வந்தால், ரீலோட் செய்தால் அனுப்பிய விவரம் இரண்டாம் தடவை போகும் என்று பிரவுசர் எச்சரிக்கிறது. அங்கே ரீலோட் வேண்டாம். அந்த டேபை அப்படியே விட்டுவிட்டு, வங்கி மெசேஜ் வந்ததா என்று பாருங்கள். புது டேபில் உள்ளே நுழைந்து பேமென்ட் ஸ்டேட்டஸைப் பாருங்கள். பணம் போயிருந்து ரசீது வரவில்லை என்றால் மறுபடி கட்டாதீர்கள். நேரமும் பிழை எண்ணும் தெரியும்படி திரையைப் போட்டோ எடுத்து, பரிவர்த்தனை எண்ணோடு அந்தத் தளத்தின் உதவி மெயிலுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.